தண்ணீரின் தாய்ப்பத்திரம்

உங்கள் வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது? பீரோவில் புடவைகளுக்கு அடியிலா, பேங்க் லாக்கரிலா? ஹவுசிங் லோன் இன்னும் முடியவில்லை என்றால் பேங்க்காரர்களிடமே இருக்கும். எங்கே இருந்தாலும் சரி. அந்தப் பத்திரத்தில் இல்லாத ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

சென்னையில் ஒரு ஃப்ளாட்டோ மனையோ வாங்குவதற்கு முன்னால் ஒரு நடுத்தரக் குடும்பம் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. தாய்ப்பத்திரம் கேட்கிறோம். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, வாரிசுகளில் யாராவது கையெழுத்துப் போடாமல் விட்டுவிட்டார்களா, 1980களின் யு.டி.ஆர். சமயத்தில் சர்வே நம்பர் ஏதாவது மாறியதா என்று வக்கீலுக்குப் பணம் கட்டி லீகல் ஒபீனியன் வாங்குகிறோம். வாசல் கிழக்கா தெற்கா என்று வாஸ்துக்காரரையும் ஒரு நடை கூட்டிக்கொண்டு போகிறோம். ஸ்கூல் எவ்வளவு தூரம், மெட்ரோ எப்போது வரும், எல்லாம் விசாரித்தாயிற்று.

இந்த இடத்தில் முன்னாடி என்ன இருந்தது என்று மட்டும் கேட்பதில்லை. யாராவது தப்பித் தவறிக் கேட்டால் புரோக்கரிடம் பதில் தயாராக இருக்கிறது. ''சும்மா கெடந்த நெலம் சார். க்ளியர் டைட்டில். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.''

நாமும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினோம். 2015 டிசம்பரில் தண்ணீர் வந்து கண்ணைத் திறந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடியும் வந்தது. 2024 அக்டோபரில் பெருமழை வரப்போகிறது என்று அறிவிப்பு வந்த உடனேயே வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். டி.வி.யில் பார்த்த ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தங்கள் ஏரியாவில் மேடு எது, பள்ளம் எது என்பதை அவர்கள் இரண்டு வெள்ளமும் நாலைந்து இன்ஜின் ரிப்பேர் பில்லும் கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதே பாடத்தை ஒரு காகிதம் ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லித் தந்திருக்கும். அந்தக் காகிதத்தை அவர்கள் கையில் கொடுக்காமல் வைத்திருந்தது யார் என்பதுதான் என் கேள்வி.

அந்தக் காகிதத்துக்கு டோபோஷீட் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் ஜியாகிரபி வாத்தியார் ஒருமுறை விரித்துக் காட்டியிருக்கலாம். நாமும் ரெண்டு மார்க்குக்காக நாலு குறியீடுகளை மனப்பாடம் பண்ணிவிட்டு மறந்திருப்போம். சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் நிலவரைபடம் அது. பழைய தாள்களில் ஒரு மைலுக்கு ஒரு அங்குலம். மெட்ரிக் கணக்கு வந்த பிறகு ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர். தண்ணீருக்கு நீலம், விளைநிலத்துக்கு மஞ்சள், காட்டுக்குப் பச்சை, கட்டடத்துக்கும் ரோட்டுக்கும் சிவப்பு. ஏரி எது, அதன் கரை எந்தப் பக்கம், அந்தக் கரை சுற்றியிருக்கும் தரையைவிட எவ்வளவு உயரம் என்பது வரைக்கும் சின்னதாக ஓர் எண் போட்டிருப்பார்கள். சதுப்பு நிலத்துக்குத் தனிக் குறி. வெயில் காலத்தில் காய்ந்து கிடக்கிற ஓடையைக்கூட விடாமல் கோடு இழுத்திருப்பார்கள். எந்த வருஷம் அளந்தது என்று ஓரத்தில் அச்சிட்டிருக்கும்.

ஆகவே பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். நம்ம ஏரியாவின் வில்லங்கச் சான்றிதழ் தயார். அதுவும் முப்பது வருஷத்துக்கு அல்ல, நூறு வருஷத்துக்கு.

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் ஸ்டாப் பெயராகவும் பின்கோடாகவும் சொல்கிற ஊர்களில் பாதிக்கு மேல் அந்தப் பழைய தாள்களில் ஏரியின் பெயர்கள். ஆதம்பாக்கம் ஏரி, வேளச்சேரி ஏரி, மடிப்பாக்கம் ஏரி, கீழ்க்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி என்று வரிசையாக நீலம். இவை தனித்தனிக் குட்டைகள் கிடையாது. ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போகும். கீழ்க்கட்டளை வழிந்தால் நாராயணபுரத்துக்கு, அது வழிந்தால் பள்ளிக்கரணைக்கு. ஆதம்பாக்கத்துத் தண்ணீர் வீராங்கல் ஓடை வழியாக அங்கேதான் வந்து சேரும். இப்படிச் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் உபரித் தண்ணீர் முழுக்க வந்து இளைப்பாறுகிற இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், பிறகு கடல். மழைத் தண்ணீருக்கு இது ஒரு பஸ் ரூட் மாதிரி. புறப்படுகிற இடம், நடுவில் நிற்கிற ஸ்டாப்கள், போய்ச் சேருகிற இடம் எல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்தது.

நாம் என்ன செய்தோம்? ஸ்டாப்களை எல்லாம் ப்ளாட் போட்டு விற்றோம். பஸ் மட்டும் இன்னும் டைமுக்கு வந்துகொண்டிருக்கிறது.

265 ஏக்கர் இருந்த வேளச்சேரி ஏரி இன்று 55 ஏக்கர். நூறடி ரோடு அதன் ஊடே போகிறது. பல்லாவரம்-துரைப்பாக்கம் ரேடியல் ரோடு பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாக வெட்டி, நாராயணபுரம் ஏரியையும் வெட்டி, சதுப்பு நிலத்தையும் குறுக்கே கடந்து போகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் 317 ஹெக்டேரை 2007இல் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது கணக்கில் வந்தது 1,248 ஹெக்டேர். மிச்சத்தில் பெருங்குடி குப்பைமேடு இருக்கிறது, பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது, மத்திய அரசின் ஆராய்ச்சி வளாகம் இருக்கிறது, ஐ.டி. கட்டடங்கள் இருக்கின்றன, நீங்களும் இருக்கிறீர்கள்.

ஏரிகளைக் குடிசைக்காரர்கள் ஆக்கிரமித்துவிட்டார்கள் என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் மேலே உள்ள பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். அதில் ரோடு, ரயில், குப்பைமேடு எல்லாம் போட்டது யார்?

இதில் இன்னொரு சமாச்சாரம் இருக்கிறது. வெள்ளம் வந்த இடமெல்லாம் ஆக்கிரமிப்பு, புறம்போக்கு, திருட்டுப் பட்டா என்று ஒரு நினைப்பு நமக்கு. அது பாதிதான் உண்மை. மீதிப் பாதிதான் ரொம்ப மோசம்.

ஓர் ஏரிக்கு இரண்டு பக்கம் உண்டு. கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கிற பக்கம் உள்வாய். அது அரசாங்கத்தின் இடம். கரைக்கு வெளியே மதகைத் திறந்தால் தண்ணீர் பாய்கிற பக்கம் ஆயக்கட்டு. அது விவசாயிகளின் பட்டா நிலம், நஞ்சை. தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த இடம். ஏரித் தண்ணீர் தானாகப் பாய வேண்டுமென்றால் ஆயக்கட்டு ஏரியைவிடத் தாழ்வாகத்தானே இருக்க வேண்டும்? அந்த நஞ்சையைத்தான் விவசாயிகளிடமிருந்து முறைப்படி கிரயம் பேசி வாங்கி, லே-அவுட் போட்டு, முறைப்படி அப்ரூவல் வாங்கி, முறைப்படி ரிஜிஸ்டர் செய்து நமக்குக் கொடுத்தார்கள். ஒரு சட்டமும் மீறப்படவில்லை. வில்லங்கம் போட்டால் வெள்ளைத்தாள் மாதிரி சுத்தமாக வரும். வக்கீல் சொன்ன ஒபீனியன் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்த இடம் ஏரிக்குக் கீழே இருக்கிறது. வயலாக இருந்தபோது வாய்க்கால் இருந்தது, வரப்பு இருந்தது, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நின்றால் அதற்குப் பெயர் விவசாயம். இப்போது அதே முழங்கால் தண்ணீர் ஹாலில் நிற்கிறது. பேரிடர் என்கிறோம்.

நம்முடைய நிலச் சட்டமும் பத்திரப்பதிவும் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி, நிலம் யாருடையது என்பதுதான். அதை மிகவும் சாமர்த்தியமாகக் கேட்கும். தாத்தாவின் இரண்டாம் தாரத்துப் பிள்ளை வரைக்கும் தோண்டி எடுக்கும். தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வியைக் கேட்க அதில் ஒரு காலம்கூட இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பது வரைபடம் மட்டும்தான்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு நடந்த பேச்சுகளை யோசித்துப் பாருங்கள். செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம் என்று ஒரே பேச்சு. கதவை எப்போது திறந்தார்கள், யார் சொல்லித் திறந்தார்கள் என்று மாசக்கணக்கில் அரசியல் நடந்தது. அடையாற்றங்கரையில் மூழ்கினவர்களுக்கு அது நியாயமான கேள்வி. அதை அவர்கள் இன்னும் கேட்க வேண்டும். ஆனால் வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் இருந்தவர்கள்கூட செம்பரம்பாக்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்களே, அதுதான் வேடிக்கை. செம்பரம்பாக்கம் அடையாற்றில் போய்ச் சேருகிறது. வேளச்சேரிக்கு வருகிற தண்ணீர் வேறு ஏரிகளின் தண்ணீர். வேறு ரூட். டோபோஷீட்டை ஒருமுறை பார்த்திருந்தால் யாரைத் திட்ட வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும். சரியான ஆளைத் திட்டுவதற்குக்கூட நமக்கு மேப் இல்லை.

மேப் ஏன் இல்லை? உலகத்தில் வேறு எந்த ஊருக்கும் இல்லாத ஒரு பெருமை இந்த ஏரியாவுக்கு உண்டு என்பதால்தான் இது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

1802, ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கம் ஒரு சங்கிலியை வைத்துக்கொண்டு தரையை அளக்க ஆரம்பித்தார். நூறடி நீள எஃகுச் சங்கிலி. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாக எடுத்துப்போன கருவிகளில் ஒன்று; அங்கே வேண்டாம் என்று திரும்பி வந்தது. பங்குனி வெயிலில் இரும்பு நீளுமே என்று அதை மரப்பெட்டிகளில் வைத்து, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, வெப்பத்துக்குக் கணக்குப் போட்டு அளந்தார்கள். அளந்த கோட்டின் வடக்கு முனை பரங்கிமலைப் பக்கம். தெற்கு முனை பெரும்பாக்கம் குன்றுப் பக்கம். நீளம் சுமார் ஏழரை மைல். இன்று மடிப்பாக்கம், மேடவாக்கம் என்று நாம் சொல்லும் தரையை ஒட்டித்தான் அந்தக் கோடு போயிருக்க வேண்டும். பரப்பிப் போட்டாற்போல் சமதரை என்பதால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தியாவின் மகா முக்கோண அளவீடு தொடங்கியது அந்தக் கோட்டிலிருந்துதான். அதை அடியாக வைத்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே வடக்கே போனார்கள். லாம்டனுக்குப் பிறகு வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அரை நூற்றாண்டு கழித்து இமயமலைச் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டு அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். எவரெஸ்ட்டின் உயரத்துக்கு முதல் அடி எடுத்து வைத்தது பெரும்பாக்கத்தில் என்று சொன்னால் பெரும்பாக்கத்துக்காரர்களே நம்ப மாட்டார்கள். போதாக்குறைக்கு, கிழக்கிந்தியக் கம்பெனி சர்வே பள்ளிக்கூடம் ஆரம்பித்ததும் இதே சென்னையில், 1794இல். அதுதான் வளர்ந்து கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ் ஆயிற்று. அங்கிருந்து வேளச்சேரிக்கு நடந்தே போகலாம்.

அதாவது, இந்தியாவின் மகா முக்கோண அளவீடு ஆரம்பமான தரை இது. இருநூறு வருஷத்துக்கு மேலாக அளக்கப்பட்ட தரை. அந்தத் தரையில்தான் எது ஏரி, எது மேடு என்று தெரியாமல் லட்சக்கணக்கான பேர் வீடு வாங்கியிருக்கிறார்கள்.

தெரியாமல் வாங்கினார்கள் என்பதைவிட தெரியவிடாமல் செய்யப்பட்டார்கள் என்பது பொருத்தம். நம் சர்க்கார் ரொம்ப நாள் கடைப்பிடித்த விதிப்படி, எல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் சுமார் 80 கிலோமீட்டருக்குள் இருக்கும் பகுதிகளின் டோபோஷீட்கள் 'கட்டுப்படுத்தப்பட்டவை'. கடலோரத்தில் இருக்கும் சென்னை முழுசாக அதற்குள் அடக்கம். சாதாரணக் குடிமகன் போய் மேப் கேட்டால், நீ யார், எதற்கு, யார் அனுமதி என்று கேள்வி வரும். 2005இல் தேசிய வரைபடக் கொள்கை என்று ஒன்று வந்தது. ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தார்கள். 2017இல் பொது வரிசையை ஆதார் எண் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். 2021 பிப்ரவரியில்தான் வரைபடக் கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தினார்கள். வேளச்சேரியில் விற்க வேண்டியதை எல்லாம் விற்று முடித்த பிறகு.

யாரிடமிருந்து ஒளித்தார்கள்? எதிரியிடமிருந்தா? அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவு 1950களில் இந்தியா முழுவதற்கும் வரைபடத் தாள்கள் போட்டது. அவற்றை டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழக நூலகம் ஸ்கேன் பண்ணி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறது. வானத்திலிருந்து சாட்டிலைட் நம் மொட்டைமாடி வாட்டர் டேங்க்கைப் படம் பிடிக்கிறது. ஆக எதிரிக்கு எல்லாம் தெரியும். மடிப்பாக்கத்தில் மனை வாங்கின ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்கு மட்டும் தெரியக் கூடாது. சர்வே ஆஃப் இந்தியாவின் முத்திரை வாசகம் 'ஆ சேது ஹிமாசலம்'. சேதுவிலிருந்து இமயம் வரை என்று அர்த்தம். நடுவில் வேளச்சேரியையும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்.

மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவின் புவியியல் அளவைத் துறை 1884 முதல் போட்ட டோபோஷீட்களை ஸ்கேன் பண்ணி இலவசமாகக் கொடுக்கிறது. ஓர் ஊரின் எல்லாப் பதிப்புகளையும் வருஷ வரிசையில் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் தேசிய நூலகம் பிரிட்டன் முழுவதற்கும் பழைய வரைபடங்களை இன்றைய சாட்டிலைட் படத்தின் மேல் போர்த்தி வைத்திருக்கிறது. விரலால் தள்ளினால் பழைய வயல் மறைந்து புதிய தெரு தெரியும். கிளாஸ்கோவில் வீடு வாங்குகிறவர், நூறு வருஷத்துக்கு முன்னால் தன் சமையலறை இருக்கும் இடத்தில் குளம் இருந்ததா என்று டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

நமக்கும் அந்தப் படங்களைப் போட ஆள் இல்லையா? சாஃப்ட்வேர் எழுதுகிற அத்தனை பேரும் இதே சதுப்பு நிலத்தின் மேல்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்!

ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். டோபோஷீட் ஒன்றும் சர்வரோக நிவாரணி அல்ல. அதில் உயரத்தைக் காட்டும் கோடுகள் இருபது மீட்டருக்கு ஒன்றுதான். வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முதல் கோட்டுக்கே எட்டாத தாழ்வு. உங்கள் தெரு பக்கத்துத் தெருவைவிட எத்தனை அங்குலம் பள்ளம் என்பதற்கு வேறு அளவை வேண்டும். ஆனால் நீலம் எங்கே இருந்தது என்று பார்க்க அங்குலக் கணக்கு எதற்கு? ஏரியை மேட்டில் வெட்டுகிற முட்டாள்கள் யாரும் நம் முன்னோர்களில் இல்லை. ஊர் நத்தத்தையும் கோயிலையும் பள்ளத்தில் வைக்கவும் இல்லை. தண்டீஸ்வரர் கோயில் கல்வெட்டுகளில் வேளச்சேரி 'வெளிச்சேரி' என்று இருக்கிறது. சோழர் காலத்திலிருந்து ஆட்கள் குடியிருந்த ஊர் அது. அவர்கள் குடியிருந்தது ஏரியில் அல்ல, ஏரிப் பக்கத்தில்.

இந்த வித்தியாசம் நமக்குப் புதிதாகப் போன புத்தி என்றும் சொல்ல முடியாது. தி.நகரும் நுங்கம்பாக்கத்தின் ஒரு பகுதியும் நின்றுகொண்டிருப்பதே மைலாப்பூர், நுங்கம்பாக்கம் ஏரிகளின் மேல்தான். வெள்ளைக்காரத் துரைகள் அந்த நீள ஏரியில் படகுப் போட்டி விட்டார்கள். 1920களில் தொடங்கி அதைத் தூர்த்து நகர் ஆக்கினார்கள். ஏரி போய்விட்டது, லேக் வியூ ரோடு, டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா என்று பெயர்கள் மட்டும் நிற்கின்றன. அன்றைக்கு ஒன்றிரண்டு ஏரி போனபோது பக்கத்தில் இருபது ஏரிகள் மிச்சம் இருந்தன. தண்ணீர் அங்கே போய்க்கொண்டது. இன்று அந்த இருபதிலும் நாமே இருக்கிறோம்.

''அதெல்லாம் சரி சார், இத்தனை ஜனம் எங்கே போய்க் குடியிருக்கும்?'' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான், ஆனால் அதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ப்ளாட் போட்டு விற்றவர்களாக இருப்பதுதான் உறுத்துகிறது. பழைய மேப்பைப் பாருங்கள் என்றால் வீட்டை இடியுங்கள் என்று அர்த்தமில்லை. ஓடை இருந்த அகலத்துக்கு ஓடையை விடுங்கள் என்று அர்த்தம். உள்வாயில் கட்டாதே, ஆயக்கட்டில் கட்டினால் கீழ்த்தளத்தைத் தூண்களோடு விட்டுவிடு, பேஸ்மென்ட்டில் கார் பார்க்கிங் தோண்டாதே என்று அர்த்தம். 2023 மிக்ஜாம் மழையில் வேளச்சேரி ஐந்து ஃபர்லாங் ரோட்டில், கட்டடம் கட்டத் தோண்டின ஐம்பதடிப் பள்ளம் சரிந்து இரண்டு பேர் செத்துப்போனார்கள். தண்ணீர் ஊறிக் கிடக்கிற அந்தத் தரையில் ஐம்பதடி தோண்டலாம் என்று நினைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

அரசாங்கமாவது படித்துக்கொண்டதா? அடையாற்றங்கரையிலும் கூவம் கரையிலும் இருந்த குடும்பங்களை, ஆற்றோரம் ஆபத்து என்று சொல்லி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நடுவில் இருக்கும்போதே லாரியில் ஏற்றினார்கள். கொண்டுபோய் விட்டது எங்கே? பெரும்பாக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அங்கே மாடி மாடியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். 2015லும் அங்கே தண்ணீர், 2023லும் அங்கே தண்ணீர். ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றிச் சதுப்பு வெள்ளத்தில் விட்டார்கள். லாம்டன் சங்கிலியை முடித்த அதே ஊரில், சர்க்காரே மேப்பைப் பார்க்காமல் கட்டியிருக்கிறது. அல்லது பார்த்துவிட்டுக் கட்டியிருக்கிறது. இரண்டில் எது மோசம் என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

ஏரிகளைப் பாதுகாக்க 2007இல் சட்டம் போட்டாயிற்று. கூடவே, அனுமதி இல்லாத மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்ய 2017இல் திட்டமும் போட்டாயிற்று. வலது கை போலீஸ், இடது கை கல்லாப்பெட்டி. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதுக் கட்டுமானங்களுக்கு அனுமதி கொடுக்காதே என்று உத்தரவு போட்டதும் ஒரே பதற்றம். அந்த எல்லை எங்கே ஓடுகிறது என்று அப்போதுதான் எல்லோரும் மேப்பைத் தேடினோம். ஆயுசு பூராச் சேமித்ததைக் கொட்டி இடம் வாங்கிவிட்டு, அதற்கப்புறம் மேப்பைத் தேடுகிறோம். இந்த வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

நான் படித்தது பி.காம். எங்கள் பாடத்தில் 'கன்டிஞ்ஜென்ட் லயபிலிட்டி' என்று ஒன்று உண்டு. இன்றைய தேதிக்கு அது கடன் இல்லை. ஆனால் ஒரு நாள் வாசலில் வந்து நின்றாலும் நிற்கும். ஒரு கம்பெனிக்கு அப்படி ஏதாவது இருந்தால் பேலன்ஸ் ஷீட்டின் அடியில் ஒரு குறிப்பாகவாவது போட்டாக வேண்டும். மறைத்தால் ஆடிட்டர் கையெழுத்துப் போடக் கூடாது. ஷேர் வாங்குகிறவனுக்கு இருக்கிற இந்தப் பாதுகாப்பு, வீடு வாங்குகிறவனுக்கு இல்லை. பத்தாயிரம் ரூபாய் ஷேருக்கு அடிக்குறிப்பு உண்டு. எண்பது லட்ச ரூபாய் ஃப்ளாட்டுக்குக் கிடையாது.

அந்த அடிக்குறிப்பைத்தான் கேட்கிறேன். சி.எம்.டி.ஏ. ஒரு லே-அவுட்டுக்கு அனுமதி கொடுக்கும்போது, கிடைக்கிற மிகப் பழைய டோபோஷீட்டிலிருந்து அந்த இடத்தை வெட்டியெடுத்து, மனையைச் சிவப்பில் குறித்து, அனுமதிப் பத்திரத்தோடு சேர்த்துத் தைக்கட்டும். ரெராவில் பதிவு செய்ய இத்தனை ஆவணம் கேட்கிறார்களே, கூட ஒரு தாள். ரிஜிஸ்தர் ஆபீஸில் கிரயப் பத்திரத்தின் பின்னால் அந்தத் தாளும் வரட்டும், வாங்குகிறவர் பார்த்தேன் என்று அதில் ஒரு கையெழுத்துப் போடட்டும். அதற்குப் பிறகும் ஏரியில்தான் குடியிருப்பேன் என்றால் அது அவர் இஷ்டம். லோன் கொடுக்கிற பேங்க்குகள் இதைக் கேட்க ஆரம்பித்தால் சட்டமே வேண்டாம். இருபது வருஷத்துக்குக் கடன் கொடுக்கிறவன், இருபது வருஷத்தில் அந்த வீட்டுக்குள் எத்தனை தடவை தண்ணீர் வரும் என்று இதுவரை ஏன் கேட்கவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். ஒருவேளை, தண்ணீர் வந்தாலும் இ.எம்.ஐ. வந்துவிடும் என்பதால் இருக்கலாம்.

பில்டர்கள் கத்துவார்கள். விலை விழுந்துவிடும் என்பார்கள். விழட்டுமே. ஏரி நிலத்தை ஏரி நிலத்தின் விலைக்கு விற்பதில் என்ன அநியாயம்?

அதுவரைக்கும் உங்களுக்கு ஒரு எண் தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய வரிசைக் கணக்கில் 66 டி/1. வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், அந்தப் பக்கம் தாம்பரம், முடிச்சூர் எல்லாம் இந்த ஒரே தாளில் வரும். திருவான்மியூர்க்காரர்களுக்கு 66 டி/5. அம்பத்தூர் என்றால் 66 சி/4. அடுத்த தடவை புரோக்கர் 'சும்மா கெடந்த நெலம்' என்று ஆரம்பித்தால், ஏதாவது பேசுவதற்கு முன்னால் இந்த எண்ணைச் சொல்லி, ''1970க்கு முந்தின பதிப்பு ஒண்ணு கொண்டு வாங்க, பார்த்துட்டுப் பேசலாம்'' என்று சொல்லுங்கள்.